சி.டி.ஐ. வாங்குவதற்கு முன்னால், மோட்டார் மக்கர் செய்யும்போதே பிடியுங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். கிருஷ்ணகிரி அணையில் மீன் பிடிக்கிற ஃபைபர் படகுக்காக, கடலூர்ப் பக்கமிருந்து 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்திருக்கிறீர்கள். இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. காலையில் பெரும்பாலும் ஒன்றிரண்டு இழுப்பில் எடுத்துவிடுகிறது. வலை இருக்கும் இடத்துக்குப் போய் மோட்டாரை நிறுத்தி, அரை மணி நேரம் வலை எடுத்துவிட்டுத் திரும்ப இழுத்தால் சில நாள் எடுக்கிறது, சில நாள் தோள்பட்டை கழன்றாலும் எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு இழுத்தால் எதுவுமே நடக்காத மாதிரி எடுத்துக்கொள்கிறது. எப்போதாவது ஒரு காலையிலும் இதே தொல்லை. உங்கள் மச்சான் இழுத்தால் எடுப்பதும் உண்டு. பிளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கழுவியாயிற்று. மெக்கானிக் “சி.டி.ஐ. போயிடுச்சுண்ணா, மாத்திடலாம்” என்கிறார். சி.டி.ஐ. என்பது பிளக்கில் பொறி விழ வைக்கிற மின்பெட்டி. மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி, அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன்னால் கோளாறு அதில்தான் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா என்பது. உண்டு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் கடற்கரையில் போட் மோட்டார் வேலை பழகியவன். இப்போது இந்தப் பக்கம் பம்பு செட், பவர் டில்லர், மாந்தோப்புக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர் என்று சின்ன இன்ஜின்கள்தான் அதிகம் பார்க்கிறேன். எப்போதாவது படகு மோட்டாரும் வரும். உங்கள் மோட்டாரை நான் பார்க்கவில்லை. அதனால் “இதுதான் கோளாறு” என்று இங்கிருந்து சொல்ல முடியாது, சொன்னால் அது ஜோசியம். எந்த வரிசையில் பார்த்தால் மோட்டாரே சொல்லிவிடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் ஒன்று. எப்போதும் ஸ்டார்ட் ஆகாத மோட்டாரைச் சரி செய்வது சுலபம். சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாதது, டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் விட்டுவிடுவது மாதிரி. பட்டறைக்குக் கொண்டுவந்து தண்ணீர் பேரலில் நிறுத்தி இழுத்தால் முதல் இழுப்பிலேயே எடுக்கும். எடுக்கிற மோட்டாரில் மீட்டர் வைத்து அளந்தால் எல்லாம் நல்லதாகத்தான் காட்டும். அப்புறம் மெக்கானிக் என்ன செய்வார்? அவர் அனுபவத்தில் அதிகம் போகிற பாகத்தின் பெயரைச் சொல்வார். உங்கள் மெக்கானிக் மேல் தப்பில்லை, ஆனால் அது ஊகம். இந்த மாதிரிக் கோளாறைப் படகில் வைத்து, அது மக்கர் செய்கிற அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் பிடிக்க முடியும். அதற்கான சாமான்கள் அப்போது கையில் இருக்க வேண்டும்.

சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. பிளக் ஸ்பேனர் ஒன்று, சுத்தமான பழந்துணி, நல்லதென்று தெரிந்த இரண்டு பிளக், பிளக்குக்கும் அதன் மேல் மாட்டுகிற ஒயர் கேப்புக்கும் நடுவில் சொருகுகிற சின்ன விளக்கு வைத்த ஸ்பார்க் டெஸ்டர் (டூ வீலர் ஸ்பேர் கடையில் கேட்டுப் பாருங்கள், ஆன்லைனிலும் கிடைக்கிறது), ஒரு சாதாரண மல்டிமீட்டர், சின்ன ஆயில் கேனில் கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோல். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து இழுத்துப் பார்க்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. படகில் அதைச் செய்யாதீர்கள். இழுக்க இழுக்க பிளக் துவாரம் வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும், பக்கத்திலேயே பொறி தெறிக்கும், காலடியில் டேங்க் இருக்கும். நடு அணையில் இறங்கி ஓட இடம் கிடையாது. விளக்கு வைத்த டெஸ்டரில் பிளக் தன் இடத்திலேயே இருக்கும், பொறி வெளியே வராது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சூடான மோட்டார், அரை மணி நிறுத்தம், ஸ்டார்ட் ஆகவில்லை, கொஞ்ச நேரம் விட்டால் எடுக்கிறது. இதைக் கேட்டதும் “சூட்டில் காயில் போகிறது, ஆறினதும் வருகிறது” என்று தோன்றும். அது நியாயமான சந்தேகம்தான். மேக்னெட்டுக்கு (இன்ஜினோடு சுற்றுகிற காந்தச் சக்கரம்) அடியில் இருக்கிற காயிலில் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி சுற்றியிருப்பார்கள். எங்காவது ஓரிடத்தில் அது விட்டிருந்தால், ஆறியிருக்கும்போது முனை ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விலகும். ஆனால் இதே அறிகுறியை இன்னொன்றும் அச்சு அசலாகக் கொடுக்கும்: பெட்ரோல் மிஞ்சிப் போவது, அதாவது ஓவர்ஃப்ளோ. சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்து பிளக் நனைந்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் எடுக்காது. கொஞ்ச நேரம் விட்டால் சூடான இன்ஜினில் அது ஆவியாகிப் போய்விடும், அடுத்த இழுப்பில் எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றுக்கு விலை உயர்ந்த காயில் அல்லது சி.டி.ஐ., மற்றொன்றுக்குச் செலவு அதிகமில்லை. இரண்டில் எது என்று பிரிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

உங்கள் விஷயத்தில் ஓவர்ஃப்ளோ மேல் எனக்குச் சந்தேகம் வரக் காரணம் வெயில். வெளியே வைக்கிற பெட்ரோல் டேங்கின் மூடியில் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். ஓடும்போது அது திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் மோட்டார் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச தூரம் போனதும் பெட்ரோல் வராமல் நின்றுவிடும். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இதற்கு நேர் எதிரானது. மோட்டாரை நிறுத்திவிட்டு, ஹோஸ் மாட்டியபடியே, காற்றுத் திருகு மூடியிருக்க, சித்திரை வெயிலில் அரை மணி நேரம் டேங்கை விட்டால் உள்ளே ஆவி அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் ஹோஸ் வழியாகப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளும். ஃப்ளோட் நீடில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடுகிற ஊசி) கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதையும் தாண்டி உள்ளே கசியும். யாரும் தொடாமலே மோட்டார் ஓவர்ஃப்ளோ ஆகிக் காத்திருக்கும். அதற்கு மேல் நாம் சோக்கையும் இழுத்தால் கேட்கவே வேண்டாம். சூடான இன்ஜினுக்கு சோக் வேண்டாம். எடுக்கவில்லையே என்ற பதற்றத்தில் கை தானாக அங்கே போகும், அதைக் கட்டுப்படுத்துங்கள்.

அதனால் ஒரு வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள். வலைக்குப் போய் நிறுத்தியதும் மோட்டார் பக்கத்து ஹோஸ் இணைப்பைக் கழற்றி வையுங்கள். டேங்கின் மேல் ஈரச் சாக்கையோ கித்தானையோ போட்டு நிழல் செய்யுங்கள். திரும்பக் கிளம்பும்போது காற்றுத் திருகைத் திறந்து, ஹோஸை மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள். ஹோஸைக் கழற்றி மாட்டுவதால் வேறு கெடுதல் இல்லை, ஓ-ரிங் நன்றாக இருக்கும் வரை. தொல்லை அடியோடு போய்விட்டால் சி.டி.ஐ. பேச்சை அதோடு விடுங்கள். நீடிலையும் அதன் சீட்டையும் மாற்றினால் போதும்.

அப்படியும் ஒரு நாள் எடுக்கவில்லை என்றால், அதுதான் நாம் காத்திருக்கும் நேரம். கோபத்தில் இருபது தரம் இழுக்காதீர்கள், மூன்று நான்கு இழுப்போடு நிறுத்துங்கள். ஏனென்றால் ஸ்பார்க் இல்லாத மோட்டாரையும் நிறைய இழுத்தால் பிளக் நனைந்துதான் போகும், அப்புறம் எது முதலில் வந்தது என்று தெரியாது. பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே டெஸ்டரை மாட்டி, சேஃப்டி கிளிப் (ஸ்டாப் சுவிட்சில் மாட்டுவது) சரியாக இருக்கிறதா பார்த்து, வேகமாக இழுங்கள். இரண்டு சிலிண்டரிலும் பாருங்கள். விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள்: காய்ந்திருக்கிறதா, பெட்ரோலில் நனைந்திருக்கிறதா, தண்ணீர்த் துளி நிற்கிறதா.

ஸ்பார்க் இருக்கிறது, பிளக் நனைந்திருக்கிறது என்றால் ஓவர்ஃப்ளோ. பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் உள்ளே, ரேஸ் (ஆக்ஸிலரேட்டர்) முழுக்கத் திறந்து, ஹோஸ் கழற்றி, சில தரம் இழுங்கள். எடுத்ததும் ரேஸைச் சட்டென்று குறைக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஸ்பார்க் இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. ஆயில் கேனிலிருந்து ஒரு ஸ்பூன் அளவு ஆயில் கலந்த பெட்ரோலைக் கார்புரேட்டர் வாயில் விட்டு இழுங்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றால், கோளாறு பெட்ரோல் வழியில்தான் என்பது உறுதி. இதற்குக் கடையில் விற்கிற ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே இருக்கிற பேரிங்குக்கும் ரிங்குக்கும் பெட்ரோலோடு வரும் ஆயில்தான் உயிர், ஸ்பிரே அதைக் கழுவிவிடும்.

இரண்டு சிலிண்டரிலும் ஸ்பார்க்கே இல்லை என்றால், அப்போதுதான் மெக்கானிக் சொன்ன திசையில் போகிறோம். அப்போதும் சி.டி.ஐ. கடைசியில்தான் வரும். இந்த மோட்டாருக்கு ஸ்பார்க் எப்படி வருகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். பேட்டரி தேவையில்லை. மேக்னெட் சுற்றும்போது அதற்கடியில் இருக்கிற சார்ஜ் காயில் மின்சாரம் உண்டாக்குகிறது. அதை சி.டி.ஐ. பெட்டி தனக்குள் சேர்த்து வைக்கிறது. பல்சர் காயில் “இப்போது” என்று சிக்னல் கொடுத்ததும் சேர்த்ததை மொத்தமாக இக்னிஷன் காயிலுக்குள் கொட்டுகிறது, பிளக்கில் பொறி விழுகிறது. மோட்டாரை நிறுத்த ஒரு ஸ்டாப் ஒயர் உண்டு. அதை எர்த் செய்தால், அதாவது இன்ஜின் உடம்போடு சேர்த்தால், பொறி நின்றுவிடும். ஆகவே ஸ்டாப் ஒயர் எங்காவது தோல் உரிந்து இன்ஜின் உடம்பில் பட்டாலோ, ஸ்டாப் சுவிட்சுக்குள் உப்புப் பூத்து ஈரம் ஏறினாலோ, சி.டி.ஐ. நல்லதாக இருந்தும் செத்த மாதிரி நடிக்கும்.

பழைய கடல் மோட்டாரில் நான் முதலில் கை வைப்பது இந்த ஸ்டாப் சுவிட்சில்தான். கையில் கட்டிக்கொள்கிற சிவப்புக் கயிறும் கிளிப்பும் பெரும்பாலும் தொலைந்திருக்கும். அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் துண்டையோ நைலான் கயிற்றையோ சுற்றி வைத்திருப்பார்கள். உங்கள் மோட்டாரில் ஒரிஜினல் கிளிப் இருக்கிறதா? இல்லை என்றால், அந்தத் துண்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஸ்பார்க் போகும், திரும்ப நகர்ந்தால் வரும். ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் இல்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் தேட வேண்டியதில்லை. சோதிப்பதும் எளிது. ஸ்பார்க் இல்லாத அந்த நேரத்திலேயே ஸ்டாப் ஒயரின் இணைப்பைப் பிரித்துவிட்டு, முனை எங்கும் படாமல் வைத்து, டெஸ்டரோடு இழுங்கள். பொறி வந்துவிட்டால் சுவிட்ச் அல்லது அந்த ஒயர்தான். ஒரு எச்சரிக்கை: ஒயரைப் பிரித்த நிலையில் மோட்டார் எடுத்துவிட்டால் பட்டனால் நிற்காது. சோக்கை முழுக்க இழுத்தோ, ஹோஸைக் கழற்றியோதான் நிறுத்த வேண்டும். அப்படியே வைத்து ஓட்டிப் பழகிவிடாதீர்கள். ஆள் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது அந்தக் கயிறுதான்.

ஸ்டாப் ஒயரைப் பிரித்தும் பொறி இல்லை என்றால் எர்த் பாருங்கள். சி.டி.ஐ., காயில் இவற்றின் கறுப்பு ஒயர்கள் இன்ஜின் உடம்பில் போல்ட்டோடு இறுகியிருக்கும். கடலில் ஓடிய மோட்டாரில் அந்த இடத்தில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், அல்லது பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். நீங்கள் இப்போது நல்ல தண்ணீரில் ஓட்டுவதால் புதிதாக உப்பு ஏறாது, ஆனால் ஏற்கெனவே ஏறியது போகாது. ஒயரின் மேல்தோல் நன்றாக இருக்கும், நுனியை ஒரு அங்குலம் உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்துப் போயிருக்கும். அப்படி இருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டு, பளபளவென்று செம்பு தெரிகிற இடத்திலிருந்து புது லக் (ஒயர் நுனியில் மாட்டுகிற உலோக வளையம்) வைத்து, போல்ட் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். அரை நாள் வேலை. செலவு ஒரு டீ, வடை அளவுதான். இதைச் செய்யாமல் புது சி.டி.ஐ. வைத்தால், புதிய பெட்டியையும் அதே கெட்ட எர்த்தில் மாட்டுவதுதான் நடக்கும். வேடிக்கை என்னவென்றால், மாற்றும்போது ஒயரைக் கழற்றி மாட்டுவதாலேயே எர்த் கொஞ்ச நாளுக்குச் சரியாகிவிடும், எல்லோரும் சி.டி.ஐ.தான் என்று நம்பிவிடுவார்கள்.

எர்த்தும் சரி என்றால் மீட்டர். சார்ஜ் காயில், பல்சர் காயில் இரண்டின் ஓம் அளவை (மின்தடை) மோட்டார் சூடாக, ஸ்பார்க் இல்லாமல் இருக்கும்போதே எடுங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். யாரோ சொன்ன பொது எண்ணை நம்பாதீர்கள். ஆனால் ஒப்பிடுவதற்குப் புத்தகம் வேண்டாம். காலையில் ஆறியிருக்கும்போது அளந்து எழுதி வையுங்கள், சூட்டில் திரும்ப அளங்கள். செம்புக் கம்பி சூட்டில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அது இயல்பு. அளவு பல மடங்கு ஏறினாலோ, மீட்டர் இணைப்பே இல்லை என்று காட்டினாலோ காயில் போய்விட்டது. படகில் அளக்க முடியவில்லை என்றால் கரையில் ஹேர் டிரையர் வைத்துக் காயிலைச் சூடேற்றிக்கொண்டே அளக்கலாம்.

உங்கள் மச்சான் இழுத்தால் எடுக்கிறது என்ற ஒரு வரியைப் பலர் படித்துவிட்டுத் தாண்டியிருப்பார்கள். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. சார்ஜ் காயில் கொடுக்கிற மின்சாரம் மேக்னெட் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. காயில் பலவீனமாக இருந்தால் வேகமாக இழுக்கிறவருக்குப் பொறி வரும், மெதுவாக இழுக்கிறவருக்கு வராது. வலை இழுத்துக் களைத்த கை காலையில் இழுத்த மாதிரி இழுக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதையே சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கம்ப்ரஷன் குறைந்த மோட்டாரும் வேகமாக இழுத்தால்தான் எடுக்கும். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். கேஜ் காட்டுகிற அளவை விட இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் முக்கியம். பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங்கோ ஹெட் கேஸ்கெட்டோ பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி இப்படி இழுக்கும்போது கிளிப்பை எடுத்துவிடுங்கள், பொறி வராமல் இருக்கும். ஒரு பிளக் மட்டும் நீரில் கழுவியது போல் வெளுத்திருந்தாலோ, முனையில் துரு தெரிந்தாலோ கேஸ்கெட் வழியாக உள்ளே தண்ணீர் போகிறது. அது தனிக் கதை, தள்ளிப் போடக் கூடாது.

இவ்வளவும் நல்லதாக இருந்து, ஸ்டாப் ஒயர் பிரித்து, எர்த் சுத்தமாகி, இரண்டு காயிலும் சூட்டில் சரியான அளவு காட்டி, அப்போதும் பொறி இல்லை என்றால் மிச்சம் இருப்பது சி.டி.ஐ.யும் இக்னிஷன் காயிலும்தான். ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லை என்றால் சி.டி.ஐ.யை விட அந்தப் பக்கத்து கேப், ஒயர், காயில் மேல்தான் சந்தேகம் அதிகம். ஆனால் சில மோட்டாரில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே இக்னிஷன் காயில்தான் இருக்கும், உங்களுடையதைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். சி.டி.ஐ. பெட்டியை மல்டிமீட்டரால் அளந்து நல்லது, கெட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். நல்லதென்று தெரிந்த இன்னொரு பெட்டியை மாட்டிப் பார்ப்பதுதான் நடைமுறையில் எளிதான சோதனை.

காலையில் எப்போதாவது வரும் தொல்லை வேறு காரணத்தால் இருக்கலாம். ஒரே மோட்டாரில் இரண்டு கோளாறு இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆறிய மோட்டார் எடுக்காததற்கு நான் பெட்ரோல் பக்கம்தான் முதலில் பார்ப்பேன். ஹோஸின் நடுவில் இருக்கிற ரப்பர் பல்பை, அதன் அம்புக்குறி மோட்டாரைப் பார்க்கும்படி செங்குத்தாகப் பிடித்து அமுக்குங்கள். நன்றாகக் கெட்டிப்பட வேண்டும். கெட்டிப்பட்டு உடனே தளர்ந்தால் உள் வால்வு, அல்லது இணைப்பின் ஓ-ரிங் வழியாகக் காற்று இழுக்கிறது. அமுக்கிய பல்பு சப்பையாகவே நின்றுவிட்டால் டேங்கின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது அல்லது டேங்குக்குள் இருக்கிற சல்லடை அடைத்திருக்கிறது. எத்தனை அமுக்கியும் கெட்டிப்படவே இல்லை, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது என்றால் நீடில் மூடவில்லை. மேலே சொன்ன ஓவர்ஃப்ளோவுக்கு அதுவே சாட்சி.

அடுத்து தண்ணீர். ஃப்ளோட் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் அது தண்ணீர். மிளகளவு தண்ணீர்த் துளி போதும். அது ஜெட்டின் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற சின்னத் துளை) வாயில் வந்து உட்கார்ந்தால் மோட்டார் எடுக்காது, படகு ஆடித் துளி நகர்ந்துவிட்டால் எடுக்கும். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 2022-இல் பத்து சதவீதம் வரை வந்தது, 2023-இலிருந்து இருபது சதவீதம் கலந்த இ20 படிப்படியாக வந்துவிட்டது. இந்த வயது மோட்டார்கள் பெரும்பாலும் பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய ஹோஸின் உள் படலத்தையும், பம்பின் டயாஃபிரத்தையும் அது இளக்கிவிடும். ஹோஸ் பழசு என்றால் பல்போடு சேர்த்து மாற்றுங்கள், இந்த ஒரு செலவுக்கு மட்டும் நான் சோதனை எதுவும் கேட்க மாட்டேன். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் டேங்கில் வைக்காதீர்கள். மாந்தோப்பு ஸ்பிரேயர்களில் பார்க்கிறேனே, தை, மாசியில் மாம்பூவுக்கு மருந்தடித்துவிட்டு அப்படியே மூலையில் வைத்துவிடுவார்கள், அடுத்த வருஷம் எடுத்தால் கார்புரேட்டருக்குள் பிசின்.

ஆயிலையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை மோட்டாருக்கு வழக்கமான அளவு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் மோட்டாரின் புத்தகம் வேறு சொன்னால் அதையே கேளுங்கள். ஆயில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்க வேண்டும், தண்ணீரில் குளிர்கிற படகு மோட்டாருக்கான தரம் அது. இங்கே அது எளிதில் கிடைக்காது என்பதால் ஸ்கூட்டர் 2டி ஆயிலை, அதுவும் பயந்து பயந்து இரட்டிப்பாக, ஊற்றுகிறார்கள். பிளக் அடிக்கடி கறுத்துப் போவதற்கு அதுவே காரணமாகலாம். பிளக் நம்பரையும் பாருங்கள். என்ஜிகே பிளக்கில் கடைசியில் “-10” என்று இருந்தால் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்று அர்த்தம். நடுவில் இருக்கிற சூட்டு எண் வேறு, என்ஜிகேயில் அது கூடக்கூட பிளக் குளிர்ந்தது. ஆட்டோ கடையில் “இதுவும் அதே சைஸ்தான்” என்று கொடுப்பதை வாங்கி மாட்டினால் மரையில் சரியாக உட்காரும், வேலையில் சரிவராது.

கடற்கரையிலிருந்து வந்த மோட்டார் என்பதால் இன்னொன்று கேட்டுக்கொள்ளுங்கள், அது மண்ணெண்ணெய் மாடலா? அங்கே பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற மோட்டார்கள் நிறைய. நீங்கள் பெட்ரோல் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் கவலையில்லை. யாராவது செலவு மிச்சம் என்று மண்ணெண்ணெய் ஊற்றினால், நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிஷம் ஓட்டி நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிற்கும், மறுநாள் காலை எடுக்காது.

உங்கள் கேள்விக்குக் கீழே பதில் எழுதிய ஒருவர், கடல் மட்டத்துக்கு ஏற்ற ஜெட் வைத்த மோட்டார், நம் ஊர் உயரத்துக்கு ஒத்துவராது என்று சொல்லியிருக்கிறார். கிருஷ்ணகிரி உயரத்தில் அந்த வித்தியாசம் ஸ்டார்ட்டிங்கைக் கெடுக்கிற அளவுக்கு இல்லை. அப்படியே கெடுத்தாலும் தினமும் கெடுக்க வேண்டுமே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் உயரம் மாறுவதில்லை. சூட்டில் பெட்ரோல் கொதித்து ஆவி அடைத்துக்கொள்கிறது என்று இன்னொருவர் எழுதியது நடக்கக்கூடியதுதான். நிறுத்தியதும் மோட்டாரின் மேல்மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் அவர் சொன்னது சரி. அங்கேயே, தன் மோட்டாரில் செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யவில்லை என்று கேட்டவருக்கு: உங்களுடையது வேறு பிரச்சினை, முதலில் பேட்டரி. முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. பேட்டரி நல்லதாக இருந்தும் வெறும் “டிக்” சத்தம் என்றால் கேபிள் முனைகளையும் சொலினாய்டையும் பாருங்கள். கியரில் இருந்தாலும் செல்ஃப் சுற்றாது. ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை என்று எழுதியவருக்கு நான் என்ன சொல்ல, உண்மைதான்.

சோதிக்கும்போது இரண்டு விஷயம். தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள், ஒரு நிமிஷத்தில் பம்பு இம்பெல்லர் ரப்பர் தீய்ந்துவிடும்; பேரலில் வைத்தால் ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டு மூழ்குகிற வரை தண்ணீர் வேண்டும். அப்புறம், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு நாளுக்கு ஒரு தரம் வருகிற கோளாறு, ஒன்றை மாற்றிய பிறகு மூன்று நாள் வரவில்லை என்றால் அது எதையும் நிரூபிக்காது. இரண்டு வாரமாவது தொடர்ந்து வராமல் இருந்தால் நம்பலாம்.

என் கணக்குப்படி உங்கள் மோட்டாரில் முதல் சந்தேகம் டேங்க் அழுத்தமும் நீடிலும், அடுத்து ஸ்டாப் சுவிட்சும் எர்த்தும், அதற்கடுத்து சார்ஜ் காயில். சி.டி.ஐ. அதற்கும் பின்னால். இந்த வரிசை என் அனுபவத்தில் வந்த ஊகம், உங்கள் நோட்டில் எழுதுவது வேறு மாதிரி இருந்தால் நோட்டைத்தான் நம்ப வேண்டும். சார்ஜ் காயில்தான் என்று தெரிந்தால், நம் ஊரில் தெருவுக்குத் தெரு மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்களே என்று அங்கே கொடுக்கத் தோன்றும். பம்பு மோட்டார் கட்டுவது வேறு, இந்த மெல்லிய கம்பியைச் சுற்றி, சூட்டுக்கும் அதிர்வுக்கும் தாங்கும்படி வார்னிஷ் ஏற்றுவது வேறு. கட்டினது நன்றாக ஓடியதும் உண்டு, சில மாதத்தில் போனதும் உண்டு, அவசரத்துக்குச் செய்யலாம். சி.டி.ஐ. வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால், கடலூர், நாகப்பட்டினம், சென்னை என்று கிளம்புவதற்கு முன் பழைய பெட்டியின் மேல் இருக்கிற எண்ணையும், மோட்டாரின் தகட்டில் இருக்கிற மாடல், சீரியல் எண்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி பெட்டிகள் நிறைய உண்டு, டைமிங் வேறாக இருக்கும். மின்சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று பல கடைகளில் சொல்வார்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.